அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வயதான பெற்றோரை வைத்து உடன்பிறப்புகளுக்குள் மூளும் சண்டைகளைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் ஒரே காரணம்தான் கிடக்கும். யார் எவ்வளவு செய்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. பணம் அனுப்புகிறவருக்குத் தன் பணம் தெரிகிறது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அம்மாவைக் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவருக்குத் தன் தூக்கம் தெரிகிறது. இரண்டும் ஒரே கணக்கில் ஏறாததால், தான்தான் அதிகம் சுமப்பதாக இருவருமே நினைக்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

சமப் பங்கு என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள் என்பேன். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு பங்கு என்று அளந்து பிரிக்க இது நிலம் இல்லை. கூடவே இருப்பவர் எப்போதும் அதிகம் செய்வார், அது மாறாது. ஆனால் அவர் செய்வது எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாம். அதற்கு ஈடாக மற்றவர்கள் என்ன தருகிறார்கள் என்பதைப் பேசி முடிவு செய்யலாம்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 78 வயது. மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூத்த மகளோடு இருக்கிறார். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி. கொஞ்ச நாளாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். மூத்த மகளை அக்கா என்றே அழைப்போம். திருமணம் ஆகாதவர், கணக்கு வேலை பார்த்தவர், அம்மாவுக்காக வேலையை விட்டவர். அண்ணன் பட்டர்வொர்த்தில் அரசாங்கப் பள்ளி ஆசிரியர், அண்ணியும் வேலைக்குப் போகிறார். தம்பி சிங்கப்பூரில். இப்படி ஒரு குடும்பம் நமக்கெல்லாம் தெரிந்த குடும்பம்தான். "அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா" என்ற ஒரு வரியிலேயே பொறுப்பு அக்காவின் தலையில் வந்து விழுந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

படி 1: ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்

கூட்டம் போடுவதற்கு முன்னால் கையில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். கூடவே இருப்பவர் ஒரு வாரம், செய்வதை எல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கட்டும். எழுத நேரமில்லை என்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போட்டாலும் சரி. "காலை ஆறரை, சர்க்கரை பார்த்தாச்சு. ஏழு மணிக்கு ஊசி. குளிக்க மாட்டேன்னாங்க, பேசிப் பேசி அரை மணி நேரம் ஆச்சு." இப்படியே வரட்டும்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வேலைகள் நான்கு வகையாகப் பிரியும். உடம்பு வேலை: குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது. வெளி வேலை: கிளினிக், மருந்து, சாமான். காகித வேலை: பில், விண்ணப்பம், ரசீது. நான்காவதுதான் யார் கண்ணுக்கும் படாதது, ஞாபக வேலை. அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, எந்த மாத்திரை நான்கு நாளில் தீரும், கண் டாக்டர் என்ன சொன்னார், பெரிய அளவு டயப்பர் எந்தக் கடையில் மலிவு என்பதையெல்லாம் ஒருவர் மண்டையில் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். அக்கா கோயிலில் சாமி கும்பிடும்போதும் இது ஓடிக்கொண்டிருக்கும். "எதுவா இருந்தாலும் சொல்லுக்கா, செய்றேன்" என்று அன்பாகச் சொல்கிற தம்பிக்கு இது புரிவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே ஒரு வேலை.

படி 2: அம்மாவிடம் கேளுங்கள்

எல்லோருமே தாவிவிடுகிற படி இது. "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "எனக்கென்ன, நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி" என்றுதான் பதில் வரும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னச் சின்னக் கேள்விகளாக, தனியாக இருக்கும்போது கேளுங்கள். குளிப்பாட்ட வெளியாள் வந்தால் பரவாயில்லையா? ராத்திரி தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறதா? மகன் உடை மாற்றினால் கூச்சமா? கூச்சம் என்று சொன்னால் அத்தோடு விடுங்கள், அது வேலைப் பிரிவினையையே மாற்றும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை விட மனசில்லை என்றால் அதுவும் பட்டியலில் ஏறட்டும். மருந்துக்கு இருக்கிற இடம் அதற்கும் உண்டு.

படி 3: கூட்டம்

தீபாவளியன்று வேண்டாம். எல்லோரும் ஒன்றாக இருக்கிற நாள் அதுதான் என்று தோன்றும். ஆனால் அன்றைக்குச் சமைத்துக் களைத்துப்போய் நிற்பவரும் அதே அக்காதான். சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிடியுங்கள். அண்ணன் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர் வந்துவிடலாம். தம்பி கைப்பேசித் திரையில் வரட்டும். அந்த நேரம் அம்மாவோடு இருக்க ஒரு சித்தியையோ அத்தையையோ பக்கத்து வீட்டம்மாவையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மருமகளும் மருமகனும் உட்கார வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசில்லை. "அம்மா ரெண்டு மாசம் எங்க வீட்ல இருக்கட்டும்" என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்வார். அந்த இரண்டு மாதமும் காலையில் கஞ்சி காய்ச்சி, படுக்கை விரிப்பு மாற்றி, அப்புறம் வேலைக்கு ஓடப்போவது அண்ணி. அவர் வாயால் சரி என்று சொல்லாத எதுவும் முடிவு இல்லை.

பேச வேண்டியவை: ஒரு வாரப் பட்டியல், அம்மா சொன்னவை, மருத்துவர் சொன்னவை, பணம், கூடவே இருப்பவரின் ஓய்வு நாள். பழைய கதை வேண்டாம். "உன்னைப் படிக்க வைக்கத்தானே நகையை வித்தாங்க" என்று யாராவது ஆரம்பித்தால், அது உண்மையாகவே இருந்தாலும், இன்னொரு நாளைக்கு என்று நிறுத்த ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் எல்லோரும் மதிக்கிற ஒரு மாமா இருந்தால் நல்லது. முடிவானதை அன்றைக்கே குழுவில் எழுதிப் போடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று எழுதினால் அது முடிவு இல்லை. அடுத்த கூட்டத்தில் அதே இடத்திலிருந்துதான் தொடங்குவீர்கள்.

படி 4: ஒரு வேலைக்கு ஒரே ஆள்

"எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். தூரத்தில் இருப்பவரால் பணம் மட்டும்தான் தர முடியும் என்பது சாக்கு. இந்த நாட்டில் தூரத்திலிருந்தே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

அண்ணன் அரசாங்க ஊழியர். அரசாங்க ஊழியரின் பெற்றோருக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான உத்தரவாதக் கடிதத்தை அவர்தான் எடுக்க முடியும். அம்மா வார்டில் சேர்ந்த பிறகு அலைவதைவிட, அவருடைய ஆவணங்களில் அம்மாவின் விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிட்டால் நல்லது. மருத்துவமனைக் காகிதம் முழுவதும் அண்ணனுக்கு என்று ஒதுக்கிவிடலாம்.

தம்பி சிங்கப்பூரில் இருந்தாலும் ஞாபக வேலையின் பாதியை எடுத்துக்கொள்ளலாம். மருந்து தீரும் தேதிகளைத் தன் கைப்பேசியில் வைத்துக்கொள்வது, மைசெஜாத்ரா செயலியில் அரசாங்கச் சுகாதார கிளினிக் முன்பதிவு போடுவது, மின்சார பில், தண்ணீர் பில், இணைய பில் கட்டுவது எல்லாம் அவருடையது. அரசாங்க மருத்துவமனைகளில் தொடர் மருந்தைத் தபாலில் வரவழைக்கும் 'உபாட் மெலாலுயி போஸ்' என்ற சேவை இருக்கிறது. அம்மா சிகிச்சை பெறும் மருத்துவமனையின் மருந்தகத்தில் அதற்குப் பதிந்துவிட்டால், மாதாமாதம் மருந்துக்காக மட்டும் அக்கா வரிசையில் நிற்க வேண்டாம்.

இன்னொரு வேலை, மாலை அழைப்பு. தினமும் ஆறரைக்குத் தம்பி அம்மாவோடு காணொளியில் அரை மணி நேரம் பேசுவார் என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மணி நேரம் அக்கா நிம்மதியாகக் குளிக்கலாம். அம்மா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால், நாள் முழுக்க அதைக் கேட்காதவர் கேட்பதுதான் நியாயம். "நேரம் கிடைக்கும்போது கூப்பிடுறேன்" என்றால் அது உதவியில் சேராது. நேரம் மாறாமல் வந்தால்தான் அக்கா அதை நம்பி ஒரு காரியத்தைத் தொடங்க முடியும்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாதம் கழித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னக்கா, அம்மா இப்படி இளைச்சுட்டாங்க?" என்று கேட்காதீர்கள். முதல் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு, அக்கா செய்வதை எல்லாம் நீங்களே செய்யுங்கள். இரண்டாம் நாள் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

படி 5: வீடு மாற்றி வீடு வைத்துக்கொள்ளலாமா?

அம்மாவை மாதத்துக்கு ஒரு வீடு என்று சுற்றவிடுவது நம்மிடையே பழக்கம்தான். வெளிப்பார்வைக்கு மிக நியாயமான ஏற்பாடு. நினைவு தெளிவாக, நடமாட்டத்தோடு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசையோடு இருக்கிற அம்மாவுக்கு இது ஒத்துவரலாம். நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டால் நான் இதற்கு எதிரி. பழக்கப்பட்ட வீட்டில் இருட்டிலும் கழிப்பறைக்குப் போகத் தெரிந்தவர், புதிய வீட்டில் ராத்திரி எழுந்து வழி தெரியாமல் விழுவார். குழப்பம் கூடும், பயம் கூடும், அதைப் பார்த்து "எங்க வீட்டுக்கு வந்ததும் மோசமாயிட்டாங்க" என்று அந்த வீட்டுக்காரர் மேல் பழி வரும். அம்மா ஓரிடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் மாறி மாறி வரட்டும். பள்ளி விடுமுறையில் அண்ணன் ஒரு வாரம் செந்தூலுக்கு வந்து தங்குவதும், அக்கா அந்த வாரம் எங்கேயாவது போவதும் எவ்வளவோ மேல்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. கட்டிலிலிருந்து இறங்கும் பக்கமும் கழிப்பறை இருக்கும் திசையும் இரண்டு வீட்டிலும் ஒன்றுபோல இருக்கட்டும். அவருடைய தலையணை, சாமி படம், குவளை கூடவே போகட்டும். ராத்திரி விளக்கு அவசியம். மருந்துக்கு, ஒரு மருத்துவமனையில் எழுதிக்கொடுத்ததை வேறு ஊரில் இருக்கும் அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ள எஸ்பியுபி என்ற முறை உண்டு. புறப்படுவதற்கு முன்பே மருந்தகத்தில் சொல்லிப் பதிந்துகொண்டால், கோலாலம்பூர் மருந்தைப் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

படி 6: பணம்

பணத்தைப் பற்றிப் பேசுவது அசிங்கம் என்று நினைக்கும் குடும்பங்களில்தான் பணத்தால் உறவு முறிகிறது. பொதுவாக ஒரு நிதி வையுங்கள். வரவும் செலவும் ஒருவர் பொறுப்பு, பார்வை எல்லோருக்கும். ரசீதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டால் போதும், பெரிய கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் ஐந்து ரிங்கிட் பன்னுக்கும் ரசீது கேட்காதீர்கள். மாதம் ஒரு தொகை அக்கா கையில், அதற்குக் கணக்கே கிடையாது என்று எழுதிவிடுங்கள்.

யார் எவ்வளவு என்பது சம்பளத்தைப் பொறுத்து இருக்கட்டும். சிங்கப்பூர்ச் சம்பளமும் மலேசிய ஆசிரியர் சம்பளமும் ஒன்றல்ல, இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் வைத்திருப்பவரும் தனியாள் ஒருவரும் ஒன்றல்ல. அனுப்புவதும் இப்போது சுலபம். 2023 நவம்பரிலிருந்து பணம் அனுப்பும் சேவைகளான சிங்கப்பூரின் பேநவ்வும் நம் டூயிட்நவ்வும் இணைந்திருப்பதால், தம்பி கைப்பேசி எண்ணை வைத்தே உடனடியாக அனுப்ப முடியும்.

யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. வேலையை விட்ட நாளிலிருந்து அக்காவின் சேமநிதிக் (இபிஎஃப்) கணக்கில் முதலாளி போட்ட பணமும் நின்றது, அவருடைய சந்தாவும் நின்றது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு அவருடைய முதுமைக்கு என்ன இருக்கும்? தம்பியும் அண்ணனும் மாதாமாதம் ஒரு தொகையை, அம்மாவின் செலவிலிருந்து தனியாக, அக்காவின் இபிஎஃப் கணக்கில் தன்விருப்பச் சந்தாவாகப் போகும்படி கொடுக்கலாம். நிலையான வருமானம் இல்லாத, 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. 2025-லிருந்து அதில் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை சேர்த்துத் தருகிறது. "எங்கம்மாவைப் பார்க்க எனக்குச் சம்பளமா?" என்று அக்கா கோபப்படலாம். சம்பளம் இல்லை, நின்றுபோனதை ஈடுகட்டுவது என்று சொல்லுங்கள். எத்தனை நன்றி வார்த்தையும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

வரியையும் மறக்க வேண்டாம். பெற்றோரின் மருத்துவச் செலவு, சிறப்புத் தேவை, பராமரிப்பாளர் செலவு ஆகியவற்றுக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. தேவை இருப்பதை மருத்துவர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். பராமரிப்பாளர் என்பவர் வரி கட்டும் பிள்ளையாகவோ அவருடைய கணவன் மனைவியாகவோ இருக்கக் கூடாது. எனவே மலேசியாவில் வரி கட்டுபவர் எவரோ அவர் பெயரில் ரசீது வரும்படி பார்த்து, பெரிய செலவை அவரே கட்டட்டும். நம் குடும்பத்தில் அது அண்ணன். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

வசதி குறைந்த குடும்பமாக இருந்தால் சமூகநல இலாகாவில் கேட்டுப் பாருங்கள். வருமானமோ தாங்கும் ஆளோ இல்லாத முதியோருக்கான 'பந்துவான் வார்கா எமாஸ்' 2025-ல் மாதம் 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பவருக்கு வேறு உதவித் திட்டம் உண்டு. பக்கவாதத்தில் கை கால் செயலிழந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

படி 7: கையெழுத்துப் போட முடிகிற காலத்தில்

நினைவு மங்கத் தொடங்கிய அம்மாவுக்கு இதுதான் அவசரமான படி. மலேசியாவில் வக்காலத்துப் பத்திரம், அதாவது 'சூராட் குவாசா வாக்கில்', எழுதிக்கொடுத்தவரின் புத்தித் தெளிவு போய்விட்டால் செல்லாமல் போகும். சிங்கப்பூரில் இருப்பது போன்ற நீடித்த அதிகாரப் பத்திரம் இங்கே இல்லை. தம்பி அங்கே பார்த்ததை வைத்து "எழுதி வாங்கிட்டா போதும்" என்பார், போதாது. புத்தித் தெளிவு போன பிறகு சொத்தைக் கையாள வேண்டுமென்றால் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். ஆகவே வங்கிக் கணக்கு, வாரிசு நியமனம், வீட்டுப் பத்திரம் எங்கே என்பதையெல்லாம் இப்போதே அம்மா முன்னிலையில் பேசுங்கள்.

உயில் எழுதுவதானால் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் அருகில் இருக்க வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. அண்ணனுக்குப் பங்கு இருக்கும்போது அவசரத்துக்கு அண்ணியைச் சாட்சியாக உட்கார வைத்துவிடாதீர்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு உயில் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமியப் பங்கீட்டு முறை.

உயில் இல்லாமல் போனால், விதவைத் தாயின் சொத்து 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். பத்து ஆண்டு கூட இருந்து பார்த்தவர் யார் என்று சட்டம் கேட்காது. செந்தூல் வீடு அம்மா பெயரில் இருந்தால், அவருக்குப் பிறகு அதை விற்று மூன்றாகப் பிரித்தால், அக்கா எங்கே போவார்? இதை அக்கா தானாகக் கேட்க முடியாது. கேட்டால் "வீட்டுக்காகத்தான் பார்த்தா" என்ற பேச்சு வரும். அண்ணன்தான் வாய் திறக்க வேண்டும். வீடு முழுவதும் அக்காவுக்கு என்றும் முடிவாகலாம், அவர் இருக்கும் வரை அங்கே தங்கலாம் என்றும் முடிவாகலாம். அது அம்மாவின் விருப்பம். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படி 8: ஒரே நோட்டுப் புத்தகம்

அம்மாவின் அடையாளக் கார்டு நகல், நோய்கள், மருந்துப் பெயரும் அளவும், ஒவ்வாமை, மருத்துவமனைப் பதிவு எண், யாரை எந்த வரிசையில் அழைப்பது என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும். அதைப் படம் பிடித்து எல்லோர் கைப்பேசியிலும் வையுங்கள். நாட்டு மருந்து, ஜாமு எதுவானாலும் அதில் எழுத வேண்டும். டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பது நம் வீடுகளில் அதிகம்.

உள்ளே தினசரிக் குறிப்பு: சர்க்கரை அளவு, சாப்பாடு, தூக்கம், மலம், விழுந்தாரா. இன்சுலின் போடுபவரின் சர்க்கரை (mmol/L அளவில்) 4-க்குக் கீழே போனால் என்ன செய்வது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். விழிப்பாக, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999. வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கவே வேண்டாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் மருத்துவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். மாற்றாக வந்து தங்கிய அண்ணனுக்கு அந்த பதில் தெரியாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் புத்தகம்.

படி 9: அக்காவின் ஓய்வு

வாரத்தில் ஒரு நாள், ஆண்டில் ஒரு தொடர் விடுப்பு. இதைச் சலுகையாக இல்லாமல் ஏற்பாட்டின் பகுதியாக எழுதுங்கள். அந்த நாளில் அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் படுத்துத் தூங்கினாலும் அது ஓய்வுதான், ஆனால் அம்மா பக்கத்து அறையில் இருந்தால் அது ஓய்வில்லை.

மாற்று ஆள் குடும்பத்தில் கிடைக்காதபோது வெளியே தேடலாம். நடமாட்டம் உள்ளவர்களுக்கு சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் முதியோர் நடவடிக்கை மையங்கள் உண்டு, 'பாவே' என்பார்கள். நினைவிழப்பு நோய்க்கு பெட்டாலிங் ஜெயாவில் அல்சைமர் நோய் அறநிறுவனம் பகல்நேரப் பராமரிப்பும் குடும்பத்தாருக்கான வழிகாட்டலும் தருகிறது. பக்கவாதத்துக்குப் பிறகான மறுவாழ்வுப் பயிற்சிக்கு 1996-இல் தொடங்கிய நாசாம் சங்கத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் மையங்கள் இருக்கின்றன. குணமாகாத நோயின் கடைசிக் கட்டமென்றால், கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து கட்டணமின்றிப் பார்க்கிறது ஹோஸ்பிஸ் மலேசியா.

முதியோர் இல்லத்தில் ஒரு வாரம் இரண்டு வாரம் தற்காலிகமாக விடுவதும் குற்றமில்லை. 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேளுங்கள். சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பணிப்பெண் வைத்தால் முறையான பெர்மிட்டோடு வையுங்கள். அப்புறம், பணிப்பெண் வந்ததும் அக்காவின் வேலை முடிந்தது என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவதும் வழக்கம். பழக்குவது, சமைக்கச் சொல்லிக்கொடுப்பது, அவருக்கும் ஓய்வு நாள் பார்ப்பது எல்லாம் இன்னொரு வேலை, அதுவும் பட்டியலில் ஏற வேண்டும்.

படி 10: மருத்துவமனை நாட்கள்

வார்டில் சேர்ந்தால் பழைய அட்டவணை உடையும். பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் தங்கப் பொதுவாக விடமாட்டார்கள். எனவே இரவு முறை அக்காவுக்கும் அண்ணிக்கும் மட்டுமே என்று ஆகிவிடும். பகலை முழுவதுமாக ஆண்கள் எடுத்துக்கொண்டால்தான் அவர்கள் தூங்க முடியும். மருத்துவரிடம் பேச ஒரே ஆள். மூன்று பேர் மூன்று வேளையில் தனித்தனியாகக் கேட்டு, மூன்று விதமாகப் புரிந்துகொண்டு குழுவில் சண்டை போடுவதை நிறையப் பார்க்கலாம்.

வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னதும் சந்தோஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். படுக்கையில் இருப்பவர் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதைத் தாதியிடம் நேரில் செய்து பழகுங்கள். தனியாளாகத் தூக்கினால் அக்காவின் இடுப்பு போகும். சுகாதார கிளினிக்கிலிருந்து தாதியரும் பயிற்சியாளரும் வீட்டுக்கே வந்து பார்க்கும் டொமிசிலியரி சேவைக்கு அம்மா தகுதி பெறுகிறாரா என்று கேட்டு, வார்டிலிருந்தே பரிந்துரை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 11: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உட்காருங்கள்

அம்மா விழுந்தாலோ, ராத்திரியில் நடமாடத் தொடங்கினாலோ, அக்காவுக்கே உடம்பு முடியாமல் போனாலோ, மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே கூடுங்கள்.

ஒப்புக்கொண்டதைச் செய்யாத ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இரண்டு முறை நேராக, தனியாகக் கேளுங்கள்: "தம்பி, மருந்துப் பொறுப்பு உன்கிட்ட இருக்கு. உன்னால முடியலேன்னா சொல்லு, அதுக்கு ஆள் வைக்கிறோம், பணம் நீ குடு." அப்படியும் வரவில்லை என்றால் அவரைத் திருத்துவதில் மூச்சை விடாதீர்கள். அவருடைய வேலையை அட்டவணையிலிருந்து எடுத்து வேறு ஏற்பாடு செய்யுங்கள், முடிவெடுக்கும் உரிமையும் அந்த அளவுக்குக் குறைகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். செய்கிறவர்தான் அன்றாட முடிவை எடுப்பார். அம்மாவுக்குக் காலையில் இட்லியா ஓட்ஸா என்பதைச் சிங்கப்பூரிலிருந்து தீர்மானிக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள், பிறகு எழுத யாருக்கும் வாய் வராது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு பொது நிதியில் மிஞ்சுவது எங்கே போகும்? கருமக்கிரியைச் செலவு போக மீதியை அக்காவுக்கு என்று வைப்பதே சரி என்று நினைக்கிறேன். மீந்த மருந்துகளை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம், சக்கர நாற்காலியைத் தேவைப்படும் இன்னொரு வீட்டுக்குத் தரலாம். அக்காவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மறுபடி வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆகும், அதுவரை அண்ணனும் தம்பியும் அனுப்பி வந்த தொகையை நிறுத்தாமல் தொடர்வது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.